இடுப்பில் ஒரு சைரன்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வலது காலில் என் செருப்பு. இடது காலில் என் வீட்டுக்காரர் செருப்பு. ஆரணி பஸ் வருகிறதா, வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

எல்லாம் ஒரு போன் காலால் வந்தது. ஆரணியில் தனியாக இருக்கிற என் அப்பாவின் போனிலிருந்து. நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுபத்து நாலு வயசு. இன்றைக்கும் வீட்டுத் தறியில் பட்டுச்சேலை நெய்கிறார்.

எடுத்தால், 'ஊய்ங்... ஊய்ங்...' என்று சைரன். அதற்கு நடுவில் நைனா குரல் — "அய்ய... போச்சே... போச்சே..."

"நைனா! இன்னா ஆச்சு நைனா?"

கட்டாகிவிட்டது. திருப்பி அடித்தேன், லைனே கிடைக்கவில்லை. யார் செருப்பு என்றெல்லாம் பார்க்கிற நேரமா அது?

நைனாவுக்கு அந்தப் போனை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதுவும் முந்தின நாள்தான்!

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு நைனா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். பெரிய அடி இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டு சாந்தி அக்கா தற்செயலாக எட்டிப் பார்க்கும்வரை ஒரு மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்தார். சென்னையில் இருக்கிற என் தம்பி சேகர் தீர்த்துச் சொல்லிவிட்டான் — "அக்கா, இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா தறியைப் பூட்டிட்டு நைனாவை இங்க கூட்டிக்கினு வந்துடுவேன்."

நைனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலாவது மாடில நான் இன்னாடா பண்றது? லிஃப்ட்ல ஏறிகினும் எறங்கிகினும் இருக்கவா?"

ஆக, நைனா ஆரணியில் இருக்கவேண்டுமானால் அவர் கையில் நல்ல போன் ஒன்று இருக்கவேண்டும். பொறுப்பு என் தலையில்.

முதலில் சேகரின் பழைய டச் போனைக் கொடுத்துப் பார்த்தோம். அறுபது வருஷம் தறியில் காய்ச்சுப்போன விரல். நைனா தொடுவது போனுக்குத் தெரியவே இல்லை. கடைசியில் ஓங்கிக் குத்தினார். யாருக்கோ வீடியோ கால் போய்விட்டது.

சரி, பட்டன் போன்தான் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் வரிசையாக எட்டு போனை எடுத்து வைத்தார். எனக்கு எதைப் பார்த்தாலும் ஒரு பயம். சின்ன பட்டன் — ராங் நம்பர் போய்விட்டால்? மடக்குகிற மாடல் — விரல் மாட்டிக்கொண்டால்? பேட்டரி சூடானால்?

"ஏம்மா, போன் வாங்க வந்தீங்களா, வெடிகுண்டு வாங்க வந்தீங்களா?" என்றார் அவர்.

கடைசியில் ஒன்று அமைந்தது. ஒவ்வொரு பட்டனும் புளியங்கொட்டை சைஸ். பெரிய எழுத்து, டார்ச், காது கிழிகிற ரிங். முதுகுப் பக்கம் ஒரு சிவப்பு பட்டன். அதை மூன்று செகண்ட் அமுக்கினால் சைரன் அடிக்கும். நாம் போட்டு வைத்த நம்பர்களுக்கு ஒன்று மாற்றி ஒன்று கால் போகும். என் நம்பர், சேகர் நம்பர், சாந்தி அக்கா நம்பர்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதனாலேயே எங்கே ஏமாந்துவிடுவேனோ என்று எந்தக் காகிதத்தையும் ஒரு வரி விடாமல் படிப்பேன். போனோடு வந்த புக்கையும் அப்படித்தான் படித்தேன். தண்ணீரில் போடாதே, நெருப்பில் போடாதே... எல்லாம் இருந்தது. தறிக்காரரிடம் கொடுக்காதே என்று மட்டும் இல்லை!

பஸ்ஸில் ஏறியதும் சாந்தி அக்காவைக் கூப்பிட்டேன். அன்றைக்குப் பார்த்து அவர் கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில். சேகரைக் கூப்பிட்டேன். "நீ போய்ப் பாருக்கா. நான் லீவு சொல்லிட்டுக் கிளம்பறேன். இந்தத் தரம் பேச்சே கிடையாது... பூட்டுதான்!"

வழி நெடுக எனக்கு என்னென்ன தோன்றியிருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். அதைவிட நாலு மடங்கு தோன்றியது.

வீட்டு வாசலில் போய் நின்றால்... டக்... டக்... டக்... தறிச் சத்தம்!

தறிக்குக் கீழே இருக்கிற குழிக்குள் காலை விட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார் நைனா. லுங்கி மடிப்பில், வயிற்றோரம் போன்.

"இன்னாம்மா, திடுதிப்புனு? மாப்ளகிட்ட சண்டையா?" என்றவர் என் காலைப் பார்த்தார். "அதுக்கு அவரு செருப்புல ஒண்ண ஏன் தூக்கிகினு வந்த?"

"சைரன் அடிச்சுதே நைனா!"

"அதுவா? தெருவுல ஆம்புலன்ஸ் போச்சும்மா. பாவம், யாருக்கு இன்னாவோ."

நான் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருக்கிற பாவில் ஓர் இழை அறுந்தது. "அய்ய... போச்சே..." என்று நைனா முன்னால் குனிந்து, தொலைவில் கிடந்த நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். நெய்த சேலை சுற்றிக்கொள்கிற கட்டை அவர் வயிற்றுக்கு நேராக இருக்கிறது. கட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் போன். ஒன்று... இரண்டு... மூன்று...

ஊய்ங்... ஊய்ங்...

என் பையில் என் போன் அலறுகிறது.

"பாத்தியா, இன்னொரு ஆம்புலன்ஸு!" என்றார் நைனா, நிமிராமல்.

சேகரிடம் சொன்னேன். "அப்ப ஒரு இழை அறுந்ததுக்கா நான் லீவு போட்டேன்?" என்றான். சிரித்துவிட்டான். பூட்டுப் பேச்சு அதோடு போயிற்று.

போனை ஒரு பையில் போட்டு சுவர் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். பிரச்னை தீர்ந்ததா? அதுதான் இல்லை.

இரண்டு நாள் சைரன் இல்லை. நான் நிம்மதியாக இருந்திருக்கவேண்டும் அல்லவா? ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று புதுக் கவலை பிடித்துக்கொண்டது. ஆணிக்கும் தறிக்கும் நடுவில் நைனா விழுந்திருந்தால்? மணிக்கு ஒரு தரம் போன் அடித்தேன். ஒவ்வொரு தரமும் அவர் குழியிலிருந்து காலை எடுத்து, சுவரைப் பிடித்து எழுந்து வரவேண்டும்.

மூன்றாம் நாள் நைனாவே பேசினார். "பேஜாரு பண்ணாதம்மா. நீ போன் பண்ணிப் பண்ணியே என்ன வுழ வெச்சுடுவ போலகீது. நான் பழையபடி இடுப்புலயே சொருகிக்கறேன். சைரன் வந்தா எடுத்துக் கேளு. இழைய திட்டிகினு இருந்தன்னா வேலையில கீறேன். உன் பேர சொல்லிக் கூப்புட்டன்னா ஜல்தியா வா."

சாந்தி அக்கா மட்டும், "என் நம்பர எடுத்துடு தாயே" என்று கும்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை. எதிர்வீடு ஆயிற்றே!

வீட்டில் பெரியவர்களுக்குப் போன் வாங்குகிறீர்களா? பெரிய பட்டன், பெரிய எழுத்து, நல்ல சத்தம்... எல்லாம் பாருங்கள். அதற்கு முன்னால் அவர்கள் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார்கள், போனை எங்கே சொருகுவார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் அதைத்தான் பார்க்காமல் விட்டேன்.

இப்போதெல்லாம் என் அப்பா காலையில் ஓர் இழையைத் திட்டுவதைக் கேட்ட பிறகுதான் எனக்கு டீ இறங்குகிறது.

நேற்று நாலு இழை. நாள் பூரா ஒரே சந்தோஷம்!