ஓம் மட்டும் சொன்ன என் மனுசன்

1996 மார்கழியில் ஒரு காலை, புளியங்குளத்தில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன என் கணவர் வரம்பில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையும் காலும் துணியாகக் கிடந்தன. பேச்சு இல்லை. பாரிசவாதம் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ட்ராக்டர் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் அவருடைய கண் என்னைத் தேடியது. இடது கை என் கையைப் பிடித்தது. "அக்கா, அத்தான் தப்பிட்டார்" என்றான் என் தம்பி சிவநேசன். நானும் உடனே எங்கள் ஊர்க் கோயில் அம்மாளாச்சிக்குப் பொங்கல் வைப்பதாக நேர்த்தி வைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நினைவு தப்பிக் கண்ணை மூடினார். கிள்ளியும் அசையவில்லை.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். "அம்மா, மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்டு அடைச்சுப்போட்டுது. வாய்க்கால் அடைச்சா பயிர் கருகுந்தானே, அது முதல் நாள் நடந்தது. இப்ப கருகின இடத்தைச் சுத்தி அழற்சி. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில ஒரு வரம்பு இருக்கு. அது இளகிப்போச்சு. நீர் உள்ளுக்கு ஊறி மூளை வீங்குது."

"வீங்கினா என்ன செய்யும்?"

"மண்டையோடு விரியாதுதானே, அம்மா."

வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து, சண்டைக்காக அரசாங்கம் போட்ட தடையால் வரவில்லை. மூளையைப் படம் எடுக்கும் மெஷின் கொழும்பில் இருந்தது. வேறு வழியில்லாமல் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "தாயே, இந்த மனுசன் என்னோட ஒரு சொல்லாவது கதைக்க வேணும்."

அம்மாளாச்சி காதில் அது விழுந்தது. வீக்கம் மெல்ல வற்றியது. கண் திறந்தார்.

"நான் ஆரெண்டு தெரியுதோ?"

"ஓம்."

நான் விழுந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் விளங்கியது. நோகுதோ என்றாலும் ஓம், நோகேல்லையோ என்றாலும் ஓம். கேட்டபடியே ஒரு சொல் தந்திருந்தாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 'ஆம்' என்ற அந்த ஓமை வார்டுக்கு வந்தவர்கள் பிரணவம் என்று நினைத்துத் திருநீறு கொண்டுவந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என்னையும் கும்பிடச் சொன்னார்கள். அவருடைய பீத்துணி துவைத்த கையோடு நின்ற எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த வருசம் நடுவில், வீட்டோடு கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது. சண்டை ஊரை நெருங்கி, ஷெல் கிட்டக் கிட்ட விழுந்தது. ட்ராக்டர் பெட்டியில் எல்லாருக்கும் இடம் போதவில்லை. சிவநேசன் குனிந்து அவரிடமே கேட்டான்:

"அத்தான், ரோட்டு மோசம், உங்களால ஏலாது. நீங்கள் இஞ்சயே இருக்கிறியளோ?"

"ஓம்."

"அக்கா, அவரே சொல்லிப்போட்டார்."

அத்தனை சனமும் தலையை ஆட்டியது. என் உடம்பு பற்றி எரிந்தது. நானும் குனிந்து, தம்பியைக் காட்டிக் கேட்டேன்.

"இவனை வெட்டிப் போடட்டோ?"

"ஓம்."

தம்பி ஏற்றியிருந்த அலுமாரியை இறக்கி வைத்துவிட்டு அவரைத் தூக்கிப் பெட்டியில் போட்டான்.

முள்ளியவளையில் ஒரு ஓலைக்கொட்டிலில் இருந்தோம். நடக்க வை என்று நான் அம்மாளாச்சியிடம் கேட்கவில்லை. ஒரு "இல்லை" தா என்றுதான் கேட்டேன். ஒவ்வொரு நாளும் அதையே கேட்டேன். ஏனென்றால் அந்த ட்ராக்டரடி "ஓம்" என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒருவேளை உண்மையாகவே சொன்னாரோ?

1998 பங்குனியில் ஒரு நாள் கஞ்சி பருக்கும்போது அவர் துப்பினார். என் சட்டை முழுக்கக் கஞ்சி. நான் வெடித்துவிட்டேன்.

"உங்களை அண்டைக்கு அங்கயே விட்டிட்டு வந்திருக்கவேணும், என்ன?"

அவர் வாய் கோணியது. எச்சில் வடிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இ...ல்லை."

கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் கண் திறந்த அன்று கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.

"நான் ஆரெண்டு தெரியுதோ?"

"ஓம்."

அந்த ஓமுக்குத்தான் நான் ஒன்றே கால் வருசம் காத்திருந்தேன். இல்லை என்று சொல்லத் தெரிந்தவர் சொல்லும் ஓம்தான் ஓம்.

பொங்கலை வைத்து நேர்த்தியைத் தீர்த்துவிட்டேன். அவர் இன்றும் நடக்கவில்லை. கஞ்சிக்கு "இல்லை" என்று சண்டை பிடிக்கிறார், நானும் விட்டுக்கொடுப்பதில்லை. அடியார்களே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் தாயிடம் கேளுங்கள். அவா ஒரு சொல்லையும் தவறவிடமாட்டா. அதனால் கேட்பதைப் பார்த்துக் கேளுங்கள். முதலில் தந்தது போதாவிட்டால், வெட்கப்படாமல் திரும்பவும் போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் நின்றேன்.