இடப்பக்கம் கோணிய கத்தி

அந்தக் கத்தியை அடித்தவன் நான்.

இத்தனை ஆண்டுகள் வாய்க்குள் கிடந்த சொல் இது. உங்களிடம் சொல்லிவிட்டேன். நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன்... ஆகவில்லை!

சவரிமுத்து எங்கள் ரப்பர் தோட்டத்துக் கொல்லன். என் வயதுதான். நான் மரம் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டி. கத்தி அடிக்கப் பழக வேண்டும் என்ற ஆசை பேய் போல என்னைப் பிடித்திருந்தது. பால்வெட்டிக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கணக்கெழுதும் கிராணி கத்துவார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், அவன் கோயில் பூசை முடிந்து வந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பழகினேன்.

பழைய லோரியின் வில்தகட்டை உலையில் பழுக்கவைத்துச் சுத்தியலை ஓங்குவேன். மரத்தில் சாய்வாகக் கோடு இழுத்தே பழகிய கை. அடியும் சாய்ந்தே விழும்! தகடு இடப்பக்கம் கோணிக்கொள்ளும்.

“ரப்பர் மரத்துக்குக் கோடு போடுறியா லா? நேரா அடிடா!” என்று அவன் சிரிப்பான்.

அந்தத் திட்டுக்காகவே வாரம் முழுவதும் காத்துக்கிடப்பேன்.

என் முதல் கத்தியும் கோணல்தான். ஆனாலும் அது என் கத்தி! அவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, பிடியோரத்தில் அவனுடைய குறியான மூன்று புள்ளிகளைக் குத்திவிட்டேன். சவரி குறி இருந்தால் யாரும் கத்தியைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஆற்றோரம் காய்கறி போட்ட சீனர் ஒருவருக்கு அதைக் கொடுத்தேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளின் முகாம் ஒன்றைப் பிடித்த ராணுவம், அங்கே கிடந்த கத்தியோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தது. எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். அதிகாரி கத்தியைத் தூக்கிக் காட்டினார். மூன்று புள்ளிகள்... சீனருக்கு நான் கொடுத்த கத்தி!

சவரி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

“குறி என்னுதுதான் ஐயா. ஆனா அடிச்சது நான் இல்ல. இது பால் வெட்டுற கை.”

“லயம் பூரா பால் வெட்டுறவன்தான். எவன்னு சொல்லு லா!” என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர்.

சவரி நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். பெயரைச் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தான்.

நான் குனிந்து என் கால்விரல்களைப் பார்த்தேன்.

பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பயந்தேன் என்று சாக்குச் சொல்லவா? அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை! தூக்கில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அவ்வளவுதான்.

கம்யூனிஸ்டுகளுக்குக் கத்தி அடித்துக் கொடுத்தான் என்று அவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மலாயாவிலேயே, சபாக்கில் பிறந்தவன் அவன். அங்கே அவனுக்கு யார் இருந்தார்கள்? கடிதம் வரும், வசவாவது வரும் என்று பார்த்திருந்தேன். எதுவும் வரவில்லை.

கொல்லன் இல்லாமல் தோட்டம் தவித்தது. எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றேன். அதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது, பார்த்தீர்களா! பட்டறை எனக்கே கிடைத்தது.

இப்போது என் கை நேராகிவிட்டது. ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டுமென்றே சாய்த்து அடிக்கிறேன். தகடு இடப்பக்கம் கோணுகிறது. சுத்தியலை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்...

யாரும் திட்டுவதில்லை.