மெழுகுதிரி பிடித்தவள்

மூன்றாம் தரமும் மகள் கார் ஓட்டுகிற றோட் டெஸ்ற்றில் பெயில். எதிரே வருகிற கார்களுக்குக் குறுக்கே இடது பக்கம் திருப்பப் போனால் கை நடுங்குகிறதாம். என் மனிசி நேர்த்திக்கடன் வைக்க ஒரு சாமிப் படம் தேடினாள்.

பக்கத்து வெக்ஸ்போர்ட்டில், ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் கிடைத்தது. பழைய காலத்து வேதக் கோயில் ஓவியத்தின் அச்சு. முக்கால்வாசி கறுப்பு. நடுவில் மெழுகுதிரியோடு ஒரு பெண், சுற்றிவர மங்கலாகச் சில உருவங்கள். அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம்.

நான் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். முக்கால்வாசியை இப்படி இருட்டாக விட்டுவிட்டு வந்தால் அடுத்த நாளே திரும்பக் கூப்பிடுவார்கள்.

"மாதா" என்றாள் மனிசி.

"மற்ற ஆக்கள் ஏன் இருட்டுக்குள்ளை?"

"வெளிச்சம் ஆரின்ரை முகத்திலை விழுதோ, அவைதான் பரிசுத்தமான ஆக்கள். உதுகூடத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. ஆணி அடித்து மாட்டினேன். மகள் பாஸானால் படத்துக்கு மேலே லைற் போடுவதாக நேர்த்தி. அதாவது, நான் போடுவதாக.

டெஸ்ற்றுக்கு முதல் நாள் ஃபாதர் வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். படத்தைக் கண்டு கிட்டப் போனார். போன் ரோர்ச்சை மூலைக்கு அடித்தார். கையை விரித்தபடி ஒரு தாடிக்காரர் தெரிந்தார். பக்கத்தில் சேவல்.

"இவர் இராயப்பர், யேசுவின்ரை சீடர். சேவல் கூவ முதல் யேசுவைத் தெரியாதெண்டு மறுதலிக்கிறார். உவ, யேசுவைப் பிடிப்பிச்ச தலைமைக் குருவின்ரை வீட்டு வேலைக்காரி. இவரும் யேசுவின்ரை ஆள்தான் எண்டு காட்டிக் குடுத்தவ."

மனிசி கதிரையில் இருந்துவிட்டாள். "ஆறு கிழமையா மெழுகுதிரி கொளுத்தினனான் ஃபாதர். ஒரு வேலைக்காரிக்கு!"

ஃபாதர் சிரிப்பை அடக்க இருமினார்.

"அப்ப அவவின்ரை முகத்திலை ஏன் வெளிச்சம்?" என்று கேட்டேன்.

"மெழுகுதிரியை அவதானே வைச்சிருக்கிறா" என்றார்.

மகள் குறுக்கிட்டாள். "வெயிற், அவ உண்மைதானே சொன்னவ? பொய் சொன்னது மற்றவர்."

"வாயை மூடு. நாளைக்கு டெஸ்ற். இராயப்பர் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றாள் மனிசி.

ஃபாதர் போனதும் மனிசி மெழுகுதிரியைச் சேவல் பக்கம் நகர்த்தினாள். யோசித்தாள். இன்னொன்றை எடுத்துப் பழைய இடத்திலும் வைத்தாள்.

"அவவும் கோவிக்கக்கூடாது."

மகள் பாஸ். எக்ளின்ரன் வீதியில் இடது பக்கம் திருப்பினாளாம். கை நடுங்கவில்லையாம். யார் செய்த உதவி என்று வீட்டில் இன்னும் முடிவில்லை.

நான் எல்.ஈ.டி. லைற் போட்டேன். வேலைக்காரி, இராயப்பர், சேவல், பின்னால் பல்லுக் குத்துகிற ஒரு சிப்பாய், எல்லாரும் ஒரே அளவாகத் தெரிந்தார்கள். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் காத்திருக்கிற சனம் போல.

மனிசி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சொன்னபடி போட்டாச்சுத்தானே?"

"ஓம்."

"அப்ப லைற்றை நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினேன். அவள் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். வேலைக்காரி திரும்பவும் மாதா ஆனாள்.