மஞ்சள் பூசிய கால்

சுனாமிக்கு மறு வருஷம் மரக்காணத்தில் டாக்டராக வேலைக்குச் சேர்ந்தேன். சென்னை மருத்துவ மாநாடு ஒன்றின் ஆராய்ச்சி போஸ்டர் போட்டிக்கு, உப்பளத் தொழிலாளர்களின் கால் புண்ணைப் பற்றி எழுதினேன். பரிசு ஆசை இருந்தது. அதைவிட, பெரிய டாக்டர்கள் பார்த்தால் இவர்களுக்குப் பூட்ஸ் கிடைக்க வழி செய்வார்கள் என்று நம்பினேன்.

போட்டோவுக்குச் சம்மதித்தது ஒரே ஒரு பெண். ஒல்லியான உடம்பு, வெயிலில் செம்பட்டையான முடி. ஆஸ்பத்திரிக்கு எப்போதும் காலைக் கழுவி மஞ்சள் பூசித்தான் வருவார். போட்டோ அன்று கணுக்கால்வரை அப்பிக்கொண்டு வந்தார். புண்ணே தெரியவில்லை.

"கழுவிட்டு வாம்மா. புண்ணுதான் தெரியணும்."

"என் காலு மெட்ராஸ் போவுது. நாலு பேரு பாக்கச்சொல்ல அசிங்கமாவா இருக்கணும்? இப்படியே எடுங்க டாக்டரம்மா, இல்லன்னா வேணாம்."

வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

மாநாட்டில் நடுவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "புண் எங்கம்மா? கல்யாணப் பொண்ணு கால் மாதிரி இருக்கு." கீழே எழுதியிருந்ததைப் படிக்காமலே அடுத்த போஸ்டருக்குப் போய்விட்டார்.

மறு வாரம் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ள வந்த அந்தப் பெண் கேட்டார். "பாத்தாங்களா? என்னா சொன்னாங்க?"

ஆத்திரத்தில் அப்படியே சொன்னேன். "கல்யாணப் பொண்ணு காலாட்டம் இருக்குன்னாங்க."

வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரித்தபடியே காலை நீட்டினார். அன்றும் மஞ்சள். துடைத்தேன். புண் இன்னும் ஆழமாகப் போயிருந்தது.