ஆட்டு வண்டி இழுக்க ஒரு கார்

கார் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. ஆனால் காரைத் தேடிய மூன்று மாதத்தில் சேர்ந்த கார் கம்பெனிப் படப் புத்தகங்கள் இன்னும் எங்கள் சாப்பாட்டு மேசையை விட்டு இறங்கவில்லை. நேற்று ரசச் சட்டியை வைக்க இடமில்லாமல் ஒன்றை எடுத்து நகர்த்தினேன். வழுவழுப்பான தாள். விரிந்ததும் குப்பென்று ஒரு மை வாசனை. எனக்கு ரசம் மறந்துபோயிற்று.

அது தீப்பெட்டி லேபிள் வாசனை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு லேபிள் ஒட்டப் போனவள் நான். ஆபீஸ் என்றதும் நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கே அதுதான் பெயர். லேபிள் கட்டுக் கட்டாக வரும். பச்சைக்கிளி படம். கட்டைப் பிரித்தால் இதே வாசனை. ஒட்டுகிற பசையில் மயில்துத்தம் என்கிற விஷத்தைக் கலந்திருப்பார்கள், பசித்த பிள்ளைகள் தின்றுவிடக் கூடாது என்று. என் தங்கை பேச்சி ஒரு விரல் பசையை எடுத்துக் கிளியின் மூக்கில் தடவி, “யக்கா, நமக்குத்தான் இல்ல, இதாவது திங்கட்டும்” என்பாள். நான் சிரிக்கக்கூடப் பயப்படுவேன். மேஸ்திரி பார்த்துவிட்டால்?

அப்படித்தான் நாங்கள் பிறந்தோம். அவளுக்கு வாய், எனக்குக் கூச்சம். இன்றைக்கும் கடையில் மிச்சக் காசு குறைந்தால் கேட்கத் தெரியாமல் வந்துவிடுகிறவள் நான். இந்தக் கதையும் அந்தக் கூச்சத்தால் வந்த கதைதான்.

எங்கள் ஊர் இடைசெவலுக்கு மேற்கே. தார்ச்சாலையிலிருந்து அரை மைல் கரிசல் பாதையில் உள்ளே வர வேண்டும். என் மகன் செல்வம் நூல் மில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆடு வளர்க்கிறான். சனிக்கிழமை விடிந்தால் எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. இதுவரை ஆட்டை ஏற்ற வாடகைக்குக் குட்டி யானை வரும். யானை என்றால் நான்கு சக்கரச் சின்ன லோடு வண்டிதான். அதில் டிரைவர் பக்கத்து இருக்கை எனக்கு, செல்வம் பின்னால் ஆடுகளோடு. ஒரு காலை வைத்தால் ஏறிவிடலாம், அவ்வளவு தாழ்வு.

நான் எதற்குச் சந்தைக்குப் போகிறேன்? எனக்கு ஆடும் வேண்டாம், சந்தையும் வேண்டாம். பேச்சி எட்டயபுரத்தில் இருக்கிறாள். குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். சனிக்கிழமைதோறும் செல்வம் என்னை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவான். சந்தை முடிகிறவரை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்போம். பேச்சி பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எனக்கு விடிகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

செல்வத்துக்கு வாடகை வண்டியோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. ஒரு வாரம் வரும், ஒரு வாரம் கல்யாண வாடகைக்குப் போய்விடும். “சொந்தமா ஒரு கார் எடுத்திருவோம்மா. பின்னால சின்னதா ஒரு டிரெய்லர் கோத்துக்கிட்டா குடும்பத்துக்கும் ஆச்சு, ஆட்டுக்கும் ஆச்சு” என்றான்.

என் மருமகள் கவிதா உடனே, “ஆடு டிரெய்லர்ல மட்டுந்தான். ஒரு குட்டிகூட காருக்குள்ள வரப்பிடாது, சொல்லிட்டேன்” என்றாள்.

அன்றைக்குத் தொடங்கியது வினை. எது இழுக்கும், எது இழுக்காது, டீசலா பெட்ரோலா, கொக்கியைக் கம்பெனியே போட்டுத் தருமா வெளியில் போட வேண்டுமா, பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது பிரேக் நிற்குமா, பழுது பார்க்கக் கோவில்பட்டி போதுமா திருநெல்வேலிக்கு ஓட வேண்டுமா. சோறு ஆறும், பேச்சு ஆறாது. செல்வம் தட்டில் ஒரு கையும் செல்போனில் ஒரு கையுமாக வீடியோ பார்ப்பான். நானும் ஓரமாக நின்று பார்ப்பேன். அந்த வீடியோக்களில் கார் மலை ஏறுகிறது, ஆற்றில் இறங்குகிறது, மணலில் புரள்கிறது. ஒரு கிழவி காரில் ஏறுகிற வீடியோ ஒன்றுகூட இல்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், எனக்கு வலது முட்டி மடங்காது. முழங்கால் உயரத்துக்கு மேல் காலைத் தூக்கினால் கண்ணில் பூச்சி பறக்கும். வீட்டில் யாருக்கும் இது முழுதாகத் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். “பேசாம வீட்ல இருங்கத்த” என்பார்கள். பாசத்தில்தான் சொல்வார்கள். அந்தப் பாசத்துக்குத்தான் நான் பயந்தேன்.

கார் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். கடைசியில் இரண்டு கார் மிஞ்சியிருந்தது. ஒன்று வெள்ளை, ஏழு பேர் உட்காரலாம், தாழ்வானது. சின்ன டிரெய்லரை அது தாராளமாக இழுக்கும் என்று கடைக்காரப் பையன் சொன்னான். மற்றது கறுப்பு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உயரமாக நின்றது. வெள்ளையில் நான் ஏறினேன். ஏறினேன் என்றுகூடச் சொல்லக் கூடாது, கட்டிலில் உட்கார்வதுபோல உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறுப்பின் கதவைத் திறந்து, “ஏறிப் பாருங்க பாட்டி” என்றான் கழுத்தில் டை கட்டிய அந்தப் பையன். எல்லோரும் பார்க்கிறார்கள். “இருக்கட்டும்யா, வெளிய இருந்தே தெரியுது” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கவிதாவும் வெள்ளையே நல்லது என்றாள். ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் வெல்டிங் பட்டறையிலிருந்து டிரெய்லரின் படம் செல்போனில் வந்தது. செல்வம் என்னிடம் நீட்டினான்.

“எப்படிம்மா இருக்கு?”

பார்த்தேன். சக்கரத்தின் மேல் இரண்டு விரல் இடைவெளியில் வளைத்து மட்கார்டு போட்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் வாயை மூடியிருந்தவள் அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

“ஏலே, இத மழைக்கு இங்கன கொண்டாந்தியன்னா சக்கரம் சுத்தாதுலே.”

அதற்கு முன்னால் அவன் என்னிடம் ஒன்றைப் பற்றிக் கேட்டு நான் பதில் சொன்னதாக நினைவில்லை. இருவரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. அந்த இனிப்பில் பழைய கதையை முழுதாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் தீப்பெட்டி ஆபீசில் ஒரு பழைய ஜீப் உண்டு. அதன் பின்னால் ஒரு டிரெய்லர். காலையில் ஊருக்குள் வந்து, வீடுகளில் செய்து வைத்த காலிப் பெட்டிகளை ஜீப்புக்குள் ஏற்றுவார்கள். எங்களை டிரெய்லரில் ஏற்றுவார்கள். ஜீப்புக்கு மூடாக்கு உண்டு, டிரெய்லருக்குக் கிடையாது. பெட்டி நனையக் கூடாது, நாங்கள் நனையலாம். முதலாளி டவுன்காரர், நல்ல மனுஷர், ஆனால் கரிசலில் கால் வைத்தறியாதவர். யாரோ அவருடைய டிரெய்லரை மொட்டை வண்டி என்று கேலி செய்துவிட்டார்கள். உடனே தகரத்தில் அழகாக மட்கார்டு போட்டு, அதன்மேல் கிளியும் வரைந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்தால் சைக்கிளில் இருக்கிற மட்கார்டையே கழற்றி வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். பொங்கல் கழிந்துதான் திரும்பப் போடுவார்கள். கரிசல் மண்ணை உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் மெழுகாகிவிடும். ஒட்டியது விடாது.

முதல் மழை விழுந்த காலையில் ஊரைத் தாண்டிக் கால் மைல் போனோம். மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மண் ஏறி இறுகிவிட்டது. சக்கரம் நின்றுபோயிற்று. ஜீப் விடாமல் இழுக்க, டிரெய்லர் ஏர் உழுவதுபோல இரண்டு கோடு கிழித்துக்கொண்டு வந்தது. டிரைவர் சங்கரன் அண்ணாச்சி இறங்கித் தலையில் கை வைத்தார். நாங்களும் இறங்கினோம். கருவேலங்குச்சியை ஒடித்து மண்ணைத் தோண்டினோம். பத்தடி போவதற்குள் திரும்ப இறுகிவிடும். எங்கள் காலிலும் மண் ஏறி ஏறி ஆளுக்கு அரை அடி வளர்ந்துவிட்டோம்.

“அண்ணாச்சி, மட்கார்டக் கழத்துங்க” என்றாள் பேச்சி.

“ஏட்டி, முதலாளி எங் கழுத்தக் கழத்திருவாவ.”

“அப்ப அவியள வந்து இழுக்கச் சொல்லுங்க.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஜாக்கிக் கம்பியை எடுத்துத் தகரத்தை நெம்பிப் பிரித்து எறிந்தார். டிரெய்லர் நகர்ந்தது. கிளிப்படம் போட்ட தகரத்தைப் பேச்சி தலையில் மழைக்குப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இதைச் சொல்லி முடித்ததும் கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். செல்வம் சிரிக்கவில்லை. தீவிரமாக யோசித்தான். அப்போதே பட்டறைக்குப் போன் போட்டு, “மட்கார்டு வேண்டாம், எடுத்திருங்க” என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கொஞ்ச நேரம்தான். போனை வைத்துவிட்டு, “அம்மா சொல்லுதது சரிதான் கவிதா. நம்ம பாதைல அவ்வளவு சகதின்னா தாழ்ந்த வண்டி அடி தட்டி நின்னுரும். உயரமான கறுப்பையே எடுத்திருவோம்” என்றான்.

என் வாயாலேயே வெள்ளைக் கார் போய்விட்டது. நான் சொன்னது டிரெய்லரின் மட்கார்டைப் பற்றி. அவன் எடுத்துக்கொண்டது காரின் உயரத்தை. “அதுக்கில்லலே” என்று ஆரம்பித்தேன். “நீ சொன்னதுக்கு அப்புறம்தாம்மா எனக்குப் புரிஞ்சுது” என்று என் தோளைத் தட்டினான். பெருமையோடு சொல்கிற பிள்ளையிடம் நான் என்னத்தைச் சொல்ல?

கார் எடுக்கிற அன்றைக்கு டை கட்டிய பையனே எனக்கு ஒரு வழி திறந்தான். “சார், பெரியவங்க ஏறுறதுக்குப் பக்கத்துல படி ஒண்ணு போட்டுத் தர்றோம்” என்றான். என் உயிர் திரும்பி வந்தது. செல்வம் சொன்னான்: “வேண்டாம் தம்பி. எங்க கரிசல்ல படி போட்டா மண்ணு அப்பி நாசமாயிரும். எங்கம்மாட்ட கேளுங்க, சொல்லுவாங்க.” பையன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு இரவே பேச்சியிடம் போனில் சொன்னேன். “யக்கா, ஏறமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுததுக்கு உனக்கு நாக்கு சுளுக்கிக்கிருமா? நான் சொல்லட்டா அவங்கிட்ட?” என்று கத்தினாள். “வேண்டாம்ட்டி. எப்படியும் ஏறிருவேன்” என்றேன். “ஏறலன்னா?” என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

போன சனிக்கிழமை விடிந்தது. டிரெய்லரில் ஆடுகள் ஏறிவிட்டன. அவற்றுக்குச் சாய்வுப் பலகை உண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் கும்மாளமாக ஏறின. கவிதா பின்னிருக்கையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வம் ஓட்டுகிற இடத்தில் இருந்தான். பின்னால் டிரெய்லரைக் காட்டுகிற சின்னத் திரையில் அவன் கண். நான் முன்கதவைத் திறந்துகொண்டு நின்றேன். என் தொடை உயரத்தில் இருந்தது காரின் தரை. பிடித்து ஏற ஏதாவது இருக்கிறதா என்று தடவினேன். கைப்பிடி எட்டவில்லை.

அப்படி நின்றபோதுதான் ஜீப் டிரெய்லரின் உயரம் எனக்கு உறைத்தது. அதற்கும் படி கிடையாது. பதினோரு வயதில் அதன் விளிம்பு என் கழுத்துக்கு இருந்தது. நான் ஒருநாளும் அதை உயரம் என்று நினைத்ததில்லை. முதலில் ஏறியவள் குனிந்து கையை நீட்டுவாள். கீழே நிற்கிறவள் தன் கையைத் தூக்குவாள். ஒரு இழுப்பு. ஏறியவள் உட்காரமாட்டாள், திரும்பிக் குனிந்து அடுத்தவளுக்குக் கையை நீட்டுவாள். இப்படியே கடைசி ஆள்வரை. சண்டை போட்டு நான்கு நாள் பேசாதவள்கூட அந்த நேரத்தில் கையை நீட்டிவிடுவாள். ஏற்றிவிட்டபின் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயைத் திறந்து கேட்க வேண்டிய அவசியமே எனக்கு அங்கே வந்ததில்லை. எத்தனை வருடம் ஏறினேன், ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

கார்க் கதவருகில் நின்று, என்னை அறியாமல், கையைத் தூக்கி நீட்டினேன்.

செல்வம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தான்.

“இந்தாம்மா. சீக்கிரம் ஏறு, வெயில் வந்துரும்.”

“எனக்குத் தல சுத்துதுலே. நீங்க போயிட்டு வாங்க” என்றேன்.

அவன் பதறி இறங்கி வந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். “பேசாம வீட்ல இருங்கத்த” என்றாள் கவிதா. கார் கிளம்பியது. மட்கார்டு இல்லாத டிரெய்லர் ஆடாமல் அசையாமல் அழகாகப் பின்னால் போயிற்று. பாதை திரும்புகிற இடத்தில் மறைகிறவரை பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.