மூன்றா, ஐந்தா

ராயபுரம் மஜீது தம் முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு பரீட்சை எழுதினார். மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவர். பரீட்சைக் கூடம் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் அவர் டாலி குமாஸ்தா. கிரேன் இறக்கும் மூட்டைகளைக் கரையில் நின்றபடி எண்ணித் தாளில் கோடு போடுவது அவர் வேலை. நேராக நான்கு கோடு, குறுக்கே ஒன்று; அது ஐந்து. அதே மூட்டைகளைக் கப்பல் தரப்பில் கஸ்பார் எண்ணுவார். அவரும் ராயபுரத்துக்காரர்தான். பதினோரு வருஷமாக இருவரும் ஒரே மூட்டைகளை எதிரெதிரே நின்று எண்ணி வந்தார்கள்.

ஷிப்டு முடிந்ததும் இரண்டு தாள்களையும் ஒப்பிடுவார்கள். எண்ணிக்கை ஒத்திருந்தால் சரி. ஒத்திராவிட்டால் யாரும் தம் எண்ணை மாற்றக் கூடாது. இரண்டையும் எழுதி, மேலே ‘தகராறு’ என்று போட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒற்றைக் கையெழுத்துத் தாள் செல்லாது.

சேர்ந்த புதிதில் ஒருநாள், வெயில் தாளாமல், சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம் என்று மஜீது தம் எண்ணைக் கஸ்பாரின் எண்ணுக்கு ஏற்பத் திருத்திவிட்டார். மறுநாள் கிடங்கில் எண்ணியபோது அவர் முதலில் போட்டதே சரி என்று தெரிந்தது. ஒரு மாதம் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கஸ்பாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தப்பாக எண்ணினாரே தவிர, மாற்றி எழுதவில்லை. அன்றிலிருந்து மஜீது தம் தாளில் ஒரு கோட்டைக்கூட அழித்ததில்லை.

1954-இல் அவருடைய கால்கள் மக்கர் செய்யத் தொடங்கின. எட்டு மணி நேரம் நின்று நின்று கெண்டைக்காலில் நரம்புகள் கயிறுபோலச் சுருண்டு புடைத்திருந்தன. வரும் மழைக்காலத்துக்குப் பிறகும் நின்று வேலை செய்தால் கால் நிலைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் அவர் வேலை செய்த கம்பெனி ஒரு தமிழ்க் குமாஸ்தா வேண்டும் என்று அறிவித்தது. விபத்து, சரக்குக் குறைவு, வாய்ச்சண்டை எதுவானாலும் தொழிலாளர்கள் கொடுக்கும் வாக்குமூலங்களைப் படித்து ஒரே அறிக்கையாக எழுதித் தர வேண்டும். உட்கார்ந்து செய்கிற, நிரந்தரமான வேலை. ஒரே ஓர் இடம்.

கஸ்பாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னா மாமு, நாற்காலி மேல ஆசை வந்துச்சா? உன் கையெழுத்த நண்டு பாத்தா, தான் நடந்த தடம்னு நெனச்சுக்கும்.”

ஆறு பேர் எழுதினார்கள். அவர்களில் டோல்கேட் வரதன் பள்ளி இறுதி வகுப்பு தேறியவன், இருபத்திரண்டு வயது, முத்து முத்தான எழுத்து. மற்றவர்கள் அவனைப் பார்த்ததுமே பாதி நம்பிக்கையை விட்டுவிட்டார்கள்.

கம்பெனியின் மாடி அறையில் காலை பத்து மணிக்குத் தாள் கொடுத்தார்கள். ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையை அரிப்பது பற்றி மூன்று பகுதிகள் அச்சிடப்பட்டிருந்தன. ஓர் இன்ஜினீயரின் அறிக்கை, பத்திரிகைக்கு ஒருவர் எழுதிய கடிதம், மீனவர்கள் கொடுத்த மனு. கீழே கேள்வி: ‘மேற்கண்ட பகுதிகளிலிருந்து மட்டும் ஆதாரம் காட்டி, கரை அரிப்பு பற்றி ஒரு கட்டுரை வரைக.’

மஜீது மூன்றையும் இரண்டு தடவை படித்தார். தெற்கிலிருந்து கடல் கொண்டுவரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்துவிடுகிறது, வடக்கே மணல் வந்து சேராததால் கரை கரைகிறது என்றது அறிக்கை. கட்டுமரம் ஏற்றி வைக்கக்கூட இடமில்லை என்றது மனு. கல் கொட்டினால் நிற்கும் என்றது கடிதம். இவற்றை எழுதுவதில் சிக்கல் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘இது முதல் தாள் சொல்வது’, ‘இது மூன்றாம் தாள் சொல்வது’ என்று குறித்துக்கொண்டே போனார்.

ஓரிடத்தில் பேனா நின்றது. ஒரு மீனவர் குப்பத்தில் கடல் கொண்டுபோன தெருக்கள் மூன்று என்று அறிக்கை சொன்னது. மனு ஐந்து என்றது. கடிதம் அதைப்பற்றிப் பேசவில்லை.

மஜீதுக்கு அந்தக் குப்பம் தெரியும். அவருடைய அம்மா அங்கே தெருத்தெருவாக ஆப்பம் விற்றவர். சின்ன வயதில் கூடையோடு இவரும் போவார். கடல் கொண்டுபோன தெருக்கள் நான்கு. கண்ணை மூடினால் ஒவ்வொன்றின் வளைவும் தெரியும். ‘நான்கு’ என்று எழுத விரல் துடித்தது. கேள்வியை மறுபடி படித்தார். பகுதிகளிலிருந்து மட்டும் என்று இருந்தது.

மூன்று பகுதிகளிலும் இன்னொரு தடவை தேடினார்; நான்கு எங்கும் இல்லை. பிறகு கை தனக்குப் பழகிய வேலையைச் செய்தது. ‘தகராறு. முதல் தாள்: மூன்று. மூன்றாம் தாள்: ஐந்து’ என்று எழுதி, தம் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் எதிர்த்தரப்புக் கையெழுத்துக்காக ஒரு கோடு இழுத்துக் காலியாக விட்டார். கட்டுரைக்கு முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. மணி அடித்துவிட்டது.

வெளியே வந்ததும் வரதன் அவரிடம் அந்தத் தெருக் கணக்கைப் பற்றிக் கேட்டான். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவாக நான்கு என்று போட்டுவிட்டதாகவும், யாரும் குறை சொல்ல முடியாது என்றும் சொன்னான். மஜீது வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி ரஹீமுன்னிசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் காலுக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். “தெரிஞ்சத எழுதாம வந்துட்டு, கால் வலிக்குதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க” என்றாள்.

மறு வாரம் மஜீதையும் வரதனையும் மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். தலைமைக் குமாஸ்தா தாமோதரன் இருவருடைய தாள்களையும் மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். முதலில் வரதனைப் பார்த்து, நான்கு என்று எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்டார். வரதன் நடுவாக எடுத்த விஷயத்தைச் சொன்னான். அவர் மஜீதின் தாளைத் தட்டினார்.

“இது என்னய்யா, கட்டுரையில கையெழுத்துக் கோடு?”

“ரெண்டு பேரு ரெண்டு கணக்கு சொல்றாங்க சார். ரெண்டு பேருமே இங்க இல்ல. அவங்க இல்லாம நான் எப்டி ஒண்ண அடிக்கிறது?”

“நீங்க அந்தப் பக்கத்து ஆள்தானே. எது சரின்னு தெரியாதா?”

“தெரியும் சார். நாலு. எங்கம்மா அங்க ஆப்பம் வித்துக்கினு இருந்துச்சு, நானும் கூடவே போவேன். ஆனா கேள்வியில என்னைக் கேக்கலயே.”

வரதன் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா சார், நான் எழுதுனதுதான் கரெக்டு.”

தாமோதரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார்.

“கரெக்டுதான். நாளைக்கு ஒருத்தன் கிரேன்ல மாட்டி ரெண்டு விரல் போச்சுன்னு எழுதிக் கொடுப்பான். மேஸ்திரி விரலே போகலைன்னு எழுதிக் கொடுப்பான். நீ ஒரு விரல்னு எழுதுவியா?”

வேலை மஜீதுக்கு என்று முடிவாயிற்று. அவருடைய கையெழுத்தைப் படிக்க இரண்டு பேர் வேண்டும் என்றும், கட்டுரைக்குத் தலையும் வாலும் கிடையாது என்றும் தாமோதரன் வெகுநேரம் கடிந்துகொண்டார். மஜீது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போகும்போது திரும்பிவந்து, அந்தக் கோட்டில் யாராவது ஒரு கையெழுத்துப் போட்டால் நல்லது, தாள் அரைகுறையாக நிற்கிறது என்றார். தாமோதரன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொல்லை விட்டது என்று ஒரு கிறுக்குக் கிறுக்கி அனுப்பினார்.

மழைக்காலத்துக்கு முன்பே மஜீது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் மாதம் அவர் மேஜைக்கு ஒரு சர்க்கரை மூட்டைத் தகராறு வந்தது. கப்பல் தரப்பில் கஸ்பார் நானூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருந்தார். மஜீதின் இடத்துக்கு வந்த புதிய ஆள் நானூற்று ஒன்பது என்று போட்டிருந்தார். கஸ்பார் வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போகாமல் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றார்.

“மாமு, என்னிக்காவது நான் வேணும்னு தப்பா எண்ணிக் கீறேனா? என் கணக்கையே எழுதிடு.”

மஜீது இரண்டு எண்களையும் எழுதி, மேலே ‘தகராறு’ என்று போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துக் கோட்டைக் காட்டினார்.

கஸ்பார் பேனாவை எடுத்தார். “பதினோரு வருசம் உன் எதிர்லயே நின்னேன்” என்று முணுமுணுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.