சொல்லிக்கொள்ளாமல் இறங்கிய வீடு

எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் அப்பா இறந்த செய்தி தந்தியாக என் கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. எண்பதுகளில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் கதி அதுதான். கொள்ளி வைத்தது தம்பி. மூத்தவன் நான் நடுக்கடலில் துரு சுரண்டிக்கொண்டிருந்தேன். நாலு மாதமாகியும் அழுகை வரவில்லை. என்ன பிள்ளை நான் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

பிலிப்பைன்ஸில் செபு துறைமுகத்தில் கப்பல் நின்றது. எங்கள் சமையல்காரன் அந்த ஊர்க்காரன். அவன் முன்னோர் வாழ்ந்த வீடு இப்போது மியூசியமாம், அவன் பெரியம்மாதான் பார்த்துக்கொள்கிறாராம். வா, காட்டுகிறேன் என்றான். கரையில் இறங்கியும் ஊரான் வீட்டுக் கட்டிலையா பார்க்க வேண்டும் என்று கிண்டலடித்துக்கொண்டே போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். அங்கே வேறு யாரும் கழற்றவில்லை. மாடி முழுக்கப் பலகைத் தரை. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் தட்டைச் சிப்பி ஓடுகள். எங்கள் பக்கம் கிளிஞ்சலை அள்ளிச் சுண்ணாம்புக்குச் சுடுவோம், இவர்கள் ஜன்னலே பண்ணியிருக்கிறார்களே என்று சிரித்தேன்.

பெரியம்மா கடைசி அறையைத் திறந்தார். உள்ளே, குடும்பத் தலைவர் உயிர்விட்ட கட்டில். பக்கத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடி, ஒடிந்த காதுக் கம்பியில் நூல் சுற்றியிருந்தது. அப்பாவும் அப்படித்தான் வலை நூலால் கட்டியிருப்பார். புதுசு வாங்கித் தருகிறேன் என்றால், “இதுலயே மீனும் தெரியுது, ஒன் மூஞ்சியும் தெரியுது, போடா” என்பார். அவ்வளவுதான், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினேன். பெரியம்மா பதறிப்போய், ஏதும் தப்பாகப் பேசிவிட்டேனா என்று பின்னாலேயே வந்தார். பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பத் தெரியாதா என்று சமையல்காரனுக்கும் கோபம். எங்கள் ஊரில் துக்க வீட்டில் ‘போய்ட்டு வரேன்’ சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவன் தன் பாஷையில் அதைப் பெரியம்மாவுக்குச் சொன்னான். அந்தக் கட்டில்காரர் செத்து ஐம்பது வருஷம் ஆகிறதே, யாருக்காக அழுதாய் என்று பெரியம்மா கேட்டார்.

“எங்கப்பாவுக்குங்க” என்றேன். தமிழில்தான் வந்தது.

தந்தி வந்த கதை சமையல்காரனுக்குத் தெரியும், எடுத்துச் சொன்னான். பெரியம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே திரும்பி உள்ளே போனார். என் அப்பாவுக்காக என்னிடம் முறைப்படி துக்கம் விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.